அரச அலுவலர் எடுத்த விடுப்பு

(வானொலி மறையுரை. தவக்காலம் நான்காம் வாரம், திங்கள். நற்செய்தி: யோவான் 4:43-54)



இந்த நேரத்தில் வானொலியைப் பாடவிட்டபடி அடுப்படியில் நிற்பவர்கள் பலர் என்பது நமக்குத் தெரியும். முதல் சிப்ட்டுக்குச் சோறு கட்ட வேண்டும், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும், கட்டிலில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுக்க வேண்டும். கைவேலையை நிறுத்த வேண்டாம். காதை மட்டும் கொஞ்சம் கொடுங்கள், போதும்.

இன்றைய நற்செய்தியில் ஓர் அரச அலுவலர் வருகிறார். கப்பர்நாகூமில் அவருடைய மகன் சாகும் தறுவாயில் கிடக்கிறான். இயேசு யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அந்த மனிதர் கானாவுக்குப் புறப்பட்டு வருகிறார். இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய அதே கானா. ஆண்டவர் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுகிறார். அடையாளங்களும் அருஞ்செயல்களும் காணாவிட்டால் நீங்கள் நம்பவே மாட்டீர்கள் என்ற பொருளில் சொல்கிறார். அந்த மனிதர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை, வாதாடவும் இல்லை. என் மகன் இறப்பதற்கு முன் வாரும் என்று மட்டும் கேட்கிறார். மகன் பிழைத்துக்கொள்வான், நீர் புறப்பட்டுப் போகலாம் என்கிறார் ஆண்டவர். அந்தச் சொல்லை நம்பி அவர் திரும்பி நடக்கிறார்.

இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுவோம். பேச வேண்டியதும் அதுதான். ஆனால் இன்று அதற்கு ஒரு படி முன்னால் நின்று பார்ப்போம். இந்த மனிதர் வேலையில் இருப்பவர். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவிடம் பணி செய்தவராக இருக்கலாம் என்று விரிவுரையாளர்கள் கருதுகிறார்கள். கப்பர்நாகூம் ஏரிக்கரை ஊர், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் கீழே கிடப்பது. கானா மலைப்பாங்கான பகுதி. இரண்டுக்கும் இடையே 25, 30 கிலோமீட்டர் இருக்கும், அதுவும் ஏற்றம். பிற்பகல் ஒரு மணிக்கு அவர் இயேசுவின் முன் நிற்க வேண்டுமானால் விடியுமுன் கிளம்பியிருக்க வேண்டும், அல்லது முந்தின நாளே கிளம்பியிருக்க வேண்டும். திரும்பும் வழியில் பணியாளர்கள் எதிரே வந்து, காய்ச்சல் நேற்று ஒரு மணிக்கு விட்டது என்று சொல்கிறார்கள். சூரியன் மறைந்தாலே அடுத்த நாள் என்பது யூதர்களின் கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். சரி, அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் போகவும் வரவும் ஒன்றிரண்டு நாள் அவர் வேலை செய்யும் இடத்தில் இல்லை.

அதாவது, அந்த மனிதர் விடுப்பு எடுத்திருக்கிறார்.

அவரிடம் ஆள்கள் இருந்தார்கள், ஆளை அனுப்பியிருக்கலாம். லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் நூற்றுவர் தலைவர் யூதப் பெரியோரைத்தான் அனுப்பி வைத்தார். அதில் குற்றமில்லை, அது வேறொரு வகை நம்பிக்கை. ஆனால் இவர் தாமே நடந்து வந்தார். மகன் சாகக் கிடக்கும்போது அரண்மனை வேலை ஒரு தகப்பனுக்கு இரண்டாவதுதான். அதற்காக நற்செய்தி அவரைக் குறை சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கானாவுக்கு வந்திருந்த நேரத்தில் பையனோடு இருந்தது யார்? தாய் இருந்திருப்பார், நற்செய்தியாளர் அதைச் சொல்லவில்லை. பணியாளர்கள் இருந்தார்கள் என்பது தெரிகிறது. காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தவர்களால்தான் அதைச் சொல்ல முடியும். அந்தப் பணியாளர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் யாரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்?

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வெளியே வர முடியாத நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நற்கருணை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். பகல் பத்து, பதினொரு மணிக்குப் போகும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கும். எல்லாரும் பனியன் கம்பெனியில், சாயப்பட்டறையில், கடையில். வீட்டுக்குள் பெரியவர் தனியாகப் படுத்திருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு, மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதிய மாத்திரை உறை. கதவு வெறுமனே சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க வசதியாக அப்படி விட்டுப் போயிருப்பார்கள். இதைப் பார்த்ததும், "பெற்றவளைத் தனியாக விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போய்விட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அவரைக் கையோடு அழைத்துப்போய் அந்த வீட்டின் சனிக்கிழமைச் சம்பளக் கணக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் போகவில்லை என்றால் அந்த நாள் கூலி போகும். அத்தோடு விடாது. மாதம் முழுக்க விடாமல் வந்தால் தருவதாகச் சொன்ன வருகைப் படி போகும். பீஸ் ரேட்டில் தைப்பவர் என்றால் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார், மறுநாள் வந்தால் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். அன்று ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோச் செலவு தனி. இந்த வீடுகளில் ஒரு நாள் தாயைக் கவனித்துக்கொள்வதற்கு ஆகும் விலை ஒன்றரை நாள் வருமானம், இரண்டு நாள் வருமானம். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் வார்டில் நோயாளியோடு கூட ஓர் ஆள் இருக்க வேண்டும். சீட்டு வாங்க, இரத்தத்தைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க, ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ள, இரவில் எழுந்து உட்காரவைக்க. கூட இருப்பவருடைய சம்பளத்தை இலவச வைத்தியம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மறையுரையில் சட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வேதனை சட்டத்தின் ஓட்டையில் இருக்கும்போது அந்த ஓட்டையைச் சுட்டிக் காட்டுவதும் மேய்ப்புப் பணிதான்.

நம் ஊரில் பலரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நல்ல ஏற்பாடு அது. காப்பீடு செய்த தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் உண்டு, அதற்கு மேல் கூலியில் 70 விழுக்காடு வரை, ஓர் ஆண்டில் 91 நாள் வரை நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. அவருடைய குடும்பத்துக்கும், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. இங்கேதான் இடைவெளி. தாய்க்கு மாத்திரை கிடைக்கும், படுக்கை கிடைக்கும். அந்தத் தாயை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்ற மகளுக்கு அன்றைய கூலிக்கு எந்த ஏற்பாடும் இல்லை. உதவித்தொகை அவள் நோயாளியானால்தான். நோயாளியைப் பார்த்துக்கொண்டால் இல்லை.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜவுளிக்கடையில், நகைக்கடையில், கணக்குப்பிள்ளை வேலையில் இருப்பவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. தமக்கு நோய் வந்தாலோ அடிபட்டாலோ 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. அதுபோக, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் சம்பளத்தோடு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. இந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரோ தெரியாது, அவருக்காக ஒரு செபம் சொல்லலாம். நியாயமான காரணம் என்றால் என்ன? பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் இருப்பதைவிட நியாயமான காரணம் எது? இந்தப் பன்னிரண்டு நாள் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் பத்து ஆண்டு ஒரே கடையில் நின்று வேலை செய்தும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

தொழிற்சாலைகளுக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்று சம்பள விடுப்பு கொடுத்தது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் இந்த விடுப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. தமக்கே நோய் என்றால் முன்கூட்டி எழுதாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் விலக்கும் அளித்தது. தகப்பனுக்குப் பக்கவாதம் வந்தால் அந்த விலக்கில் அதற்கு இடமில்லை. பக்கவாதம் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிட்டா வருகிறது?

மத்திய அரசு ஊழியர்கள் நிலை வேறு. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச்சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு. முதிய பெற்றோரைக் கவனிப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் இவற்றை எடுத்துக்கொள்ளலாம். பெண் ஊழியர்களுக்கு, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008-இல் வந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தையருக்கும் அது பின்னால் நீட்டிக்கப்பட்டது. நல்ல காரியம். நமக்குப் பொறாமை இல்லை. ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது: அரசு அலுவலகத்தில் இருப்பவரின் தாய்க்கு வரும் நோயும், பவர்டேபிளில் தைப்பவரின் தாய்க்கு வரும் நோயும் ஒன்றுதானே?

சட்டம் இப்படி இருப்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? உங்களுக்கே தெரியும். "அம்மாவுக்கு முடியவில்லை" என்று உண்மையைச் சொன்னால் விடுப்பு கிடைப்பதில்லை. "எனக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு" என்று சொன்னால் கிடைக்கிறது. ஆகவே நல்ல பெண், வாரம் தவறாமல் திருப்பலிக்கு வருபவர், ஒரு மருத்துவச் சான்றிதழுக்குப் பணம் கொடுத்து, தமக்கு இல்லாத நோயைத் தாமே எழுதிக் கொடுக்கிறார். பொய் பொய்தான், எட்டாம் கட்டளை மாறவில்லை, அதை நியாயம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நான்காம் கட்டளையைக் கடைப்பிடிப்பதற்காக எட்டாம் கட்டளையை மீற வேண்டிய நிலையில் ஒருவரை நிறுத்துகிற விதியைப் போட்டவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு இருக்கிறது. தாய் தந்தையை மதித்து நட என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கான கட்டளை என்று நாம் சுருக்கிவிட்டோம். திருஅவையின் மறைக்கல்வி, வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பெற்றோரை முதுமையிலும் நோயிலும் தனிமையிலும் இயன்றவரை தாங்க வேண்டும் என்று தெளிவாகவே கற்பிக்கிறது. அந்த இயன்றவரை என்பதன் எல்லையை இன்று பல வீடுகளில் குறிப்பது கம்பெனி மேலாளரின் கையொப்பம்.

இந்த முடிச்சைச் சில நாடுகள் அவிழ்த்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1999-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் நோய் விடுப்பில் பாதியை, நோயுற்ற பிள்ளைக்காகவோ பெற்றோருக்காகவோ கணவன் மனைவிக்காகவோ எடுத்துக்கொள்ளலாம் என்றது. எவ்வளவு எளிய மாற்றம் பாருங்கள். கூடுதலாக ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. இருக்கிற விடுப்பை உண்மையான காரணத்தைச் சொல்லி எடுக்கலாம் என்று மட்டும் சொன்னது. இத்தாலியில் 1992-ஆம் ஆண்டின் சட்டம், கடுமையான ஊனம் உள்ள உறவினரைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு மாதம் மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல், பராமரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து வேலை நாளாவது விடுப்பு இருக்க வேண்டும் என்று தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்தது. ஆனால் சம்பளம் கொடுப்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. ஆக, வெளிநாட்டிலும் எல்லாம் நிறைவாக இல்லை. அமெரிக்கா முழுவதற்குமான 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வாரம் தருகிறது, அத்தனையும் சம்பளமில்லாமல். கையில் சேமிப்பு இருப்பவர்தான் அதை எடுக்க முடியும்.

நம் நாட்டிலும் மாற்றம் வராமல் இல்லை. பேறுகால விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 2021-இல் நம் மாநிலச் சட்டமன்றம், கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஒரு முக்காலிக்குச் சட்டமா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. கால் வீங்கி நின்றவர்கள் சிரிக்கவில்லை.

முதலாளிகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நம் பங்கில் பத்து மிஷின், இருபது மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். "சாமி, சனிக்கிழமை சரக்கு ஏற்ற வேண்டும். ஓவர்லாக் தைப்பவர் ஒருவர் வராவிட்டால் வரிசை முழுக்க நிற்கும். பெரிய கம்பெனி தாமதத்துக்குப் பணம் பிடித்துக்கொள்ளும். இவர்கள் பாட்டிக்குச் சாவு என்று நாலு தடவை விடுப்பு எடுக்கிறார்கள்" என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அதில் மாறுபாடு இல்லை. ஆனால் ஏமாற்றுகிறவர் எந்த விதி போட்டாலும் ஏமாற்றுவார். விதியின் பாரம் உண்மையைச் சொல்கிறவர் தலையில்தான் விழும். தாயின் நோயைச் சொல்லி விடுப்புக் கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், முந்தின நாள் மாலையே வந்து சொல்வார்கள். நீங்கள் மாற்று ஆள் பார்க்கலாம். கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிடுவார்கள். எது உங்களுக்கு நட்டம்? ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்கும்படி பழக்கி வைத்த பட்டறைகள் நம் ஊரில் இருக்கின்றன. அங்கே ஒருவர் வராததால் சரக்கு நிற்பதில்லை.

இனி, வெளியே பார்த்துப் பேசியது போதும். திருஅவைக்குள் பார்ப்போம்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கொர்பான் என்ற வழக்கத்தைக் கண்டிக்கிறார். தாய் தந்தைக்குக் கொடுக்க வேண்டியதை, இது கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிக் கொடுக்காமல் விடுவதுதான் அந்த வழக்கம். கடவுளின் பெயரைச் சொல்லிப் பெற்றோரைப் பட்டினி போடுவது. ஆண்டவர் இதைப் பார்த்துக் கோபப்பட்டார். கடவுளுக்கு அந்தக் காணிக்கை வேண்டாம் என்பது அதன் பொருள்.

நம்மிடம் பள்ளிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன, விடுதிகள், இல்லங்கள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர்கள், செவிலியர்கள், ஆயாக்கள், சமையல்காரர்கள், காவலாளிகள், உபதேசியார்கள் வேலை செய்கிறார்கள். அரசு உதவி பெறும் பணியிடத்தில் இருப்பவருக்கு விதிகள் இருக்கின்றன. நிர்வாகச் சம்பளத்தில் இருப்பவருக்கு நிர்வாகத்தின் மனசுதான் விதி. அவர் வந்து, அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, ஐந்து நாள் வேண்டும் என்று கேட்கும்போது, "இது சேவை மனப்பான்மையோடு செய்ய வேண்டிய வேலை, இப்படி அடிக்கடி விடுப்புக் கேட்கலாமா" என்று ஒரு சொல் நம் அலுவலகங்களில் எழும்பினால், அந்தச் சொல்லுக்கு நற்செய்தியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கொர்பான். அர்ப்பணம் என்பது அவரவர் தாமாகக் கொடுப்பது. அடுத்தவர் சம்பளத்திலிருந்து அதைப் பிடித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதினார், 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதினார். இரண்டுமே உழைப்பவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்பதை மறக்காமல் எழுதப்பட்டவை. அவற்றைக் குருமடத்தில் நாம் தேர்வுக்குப் படித்தோம். வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதுதான் அவை நடைமுறையில் தேவைப்படுகின்றன.

திருஅவை இந்தக் காரியத்தில் தன் பிள்ளைகளிடம் எவ்வளவு இளகிய மனத்தோடு நடந்துகொள்கிறது என்பதைப் பாருங்கள். ஞாயிறு திருப்பலியில் பங்கெடுப்பது நம் கடமை. தக்க காரணமின்றித் தவறவிடுவது கனமான பாவம் என்று கற்பிக்கிறோம். ஆனால் அதே மறைக்கல்வி, தக்க காரணம் எது என்று சொல்லும்போது எடுத்துக்காட்டாக இரண்டைச் சொல்கிறது: நோய், கைக்குழந்தைகளைப் பராமரிப்பது. அதாவது கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு ஆண்டவரே தம் பந்தியிலிருந்து விடுப்புக் கொடுக்கிறார். சிலர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துதான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, இங்கேயே பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்: படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைத் தனியே விட முடியாமல் நீங்கள் வீட்டிலிருந்தால், அதில் பாவம் இல்லை. ஆண்டவர் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கும்போது, ஒரு கம்பெனி ஒரு நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாமா?

ஆண்களிடம் ஒரு வார்த்தை. விடுப்பு எடுக்க வேண்டிய நிலை வரும்போது எந்த வீட்டிலும் முதலில் நிற்பது மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். "அவளுக்குச் சம்பளம் குறைவு, அவள் நின்றால் நட்டம் குறைவு" என்று கணக்குச் சொல்கிறோம். அவளுக்குச் சம்பளம் ஏன் குறைவு? பத்து வருடமாக ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவளே நின்றதால்தான் அவள் மேலே போகவில்லை. இன்றைய நற்செய்தியில் நடந்து வந்தது ஒரு தகப்பன் என்பதை மறந்துவிட வேண்டாம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியே வந்த இயேசு நேரே சீமோனின் வீட்டுக்குத்தான் போகிறார். அங்கே காய்ச்சலாய்க் கிடந்தது சீமோனின் மாமியார். மாமியார் நோயை மருமகனும் அவன் நண்பர்களும் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னார்கள்.

வீட்டில் பாத்திரம் கழுவ ஆள் வைத்திருப்பவர்களும் ஒரு நிமிடம் கேளுங்கள். அந்தச் சகோதரிக்கு இ.எஸ்.ஐ. இல்லை, விடுப்புப் பதிவேடு இல்லை. பிள்ளைக்கு அம்மை என்று நாலு நாள் வராவிட்டால், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோமா இல்லையா? உங்கள் வீட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டிவிடுவதே அவராக இருக்கலாம்.

விடுப்பு மட்டும் கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதும் உண்மை. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 104 முறை. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் மட்டும் நான்கு மணி நேரம். போக வர, காத்திருக்க, அந்த நாள் முடிந்துவிடும். பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு ஆறு வாரத்தில் கரைந்துவிடும். மீதி நாற்பத்தாறு வாரத்துக்கு என்ன செய்வது? அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "சொத்தை அவன்தானே வாங்கினான், அவனே பார்க்கட்டும்" என்ற பேச்சைக் கல்லறைத் தோட்டத்து வாசல் வரை கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். அது நடக்காத இடத்தில் அன்பியம் இறங்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். பணத்தைவிட ஆள் தேவைப்படுகிற வீடுகள் அதிகம். ஓய்வு பெற்ற ஒருவர், மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒரு நோயாளியோடு டயாலிசிஸுக்குப் போய் வந்தால், எங்கோ ஒரு மகளுக்கு ஒரு நாள் கூலி காப்பாற்றப்படுகிறது.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் சில காரியங்களைச் செய்ய முயல்வோம். வேலை செய்பவர்கள், உங்கள் இடத்தில் என்னென்ன விடுப்பு உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள், காரணத்தை உள்ளபடி எழுதுங்கள், ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி இருப்பதைத் தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்கினால் தொழிற்சங்கத்தாரோடு போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் பெற்றோர் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பலருடைய அட்டையில் மனைவி மக்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நிறுவனப் பொறுப்பில் இருக்கிற குருக்கள், துறவியர், தாளாளர்கள், உங்கள் பணியாளர்களின் விடுப்பு விதியை ஒரு தாளில் எழுதி, குடும்பத்தாரின் நோய் என்ற சொல்லையும் அதில் சேர்த்து, சுவரில் ஒட்டுங்கள். அன்பியப் பொறுப்பாளர்கள், அடுத்த கூட்டத்தில் விவிலியப் பகிர்வு முடிந்ததும் ஒரு பட்டியல் எடுங்கள்: நம் தெருவில் பகலில் தனியாகப் படுத்திருப்பவர் யார், அவருக்காக வேலைக்குப் போக முடியாமல் நிற்பவர் யார்.

இந்த நேரத்தில் ஏதோ ஒரு வார்டில், இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, தம்பி வந்து மாற்றிவிட்டால் எட்டு மணி சிப்ட்டைப் பிடித்துவிடலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்காகவும், அவள் தாய்க்காகவும், வழியில் வந்துகொண்டிருக்கும் அந்தத் தம்பிக்காகவும் ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு இன்றைய வேலையைத் தொடங்குவோம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.